விருதுப் பட்டியலில் பெயர் எப்படி ஏறுகிறது?

ஒவ்வொரு ஆண்டும் ஆகஸ்ட் 15 அன்று சென்னை கோட்டையில் கொடியேற்றம் முடிந்ததும் முதலமைச்சர் சில விருதுகளை வழங்குவார். மறுநாள் பேப்பரில் ஒரு புகைப்படம், அதன் கீழே நாலு வரி, அவ்வளவுதான். அந்த விருதுகளில் ஒன்று அறிவியலுக்கானது: டாக்டர் ஏ.பி.ஜெ. அப்துல் கலாம் விருது. கலாம் 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் காலமானார். அடுத்த சில நாட்களிலேயே அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா இந்த விருதை அறிவித்தார். 5 லட்சம் ரூபாய், 8 கிராம் தங்கப் பதக்கம், பாராட்டுச் சான்றிதழ். அறிவியல் வளர்ச்சி, மானுடவியல், மாணவர் நலன் ஆகியவற்றுக்கு உழைப்பவர்களுக்கு என்று சொல்லப்பட்டது.

முதல் விருது அதே 2015-இல் அரியலூரைச் சேர்ந்த வளர்மதிக்குப் போனது. இந்தியா சொந்தமாகச் செய்த முதல் ரேடார் செயற்கைக்கோளான ரிசாட்-1 திட்டத்தின் இயக்குநராக இருந்தவர். 2019-இல் இஸ்ரோ தலைவர் சிவன், 2024-இல் சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், 2025-இல் இஸ்ரோ தலைவர் நாராயணன். நடுவில் 2021-இல் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக இயற்பியலாளர் லட்சுமணன், 2023-இல் கணிதப் பேராசிரியர் வசந்தா கந்தசாமி.

இவர்களில் யாருமே தகுதி இல்லாதவர்கள் கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கேள்வி வேறு. வீரமுத்துவேலையே எடுத்துக்கொள்ளுங்கள். விழுப்புரத்தில் ரயில்வே ஊழியரின் மகன், பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்து அங்கிருந்து மேலே ஏறியவர். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று தமிழ்நாடு அரசு, தமிழகத்தைச் சேர்ந்த ஒன்பது இஸ்ரோ விஞ்ஞானிகளுக்குத் தலா 25 லட்சம் ரூபாய் கொடுத்துக் கௌரவித்தது. அவர்களில் இவரும் ஒருவர். (அந்தப் பணத்தை அவர் தான் படித்த கல்வி நிறுவனங்களுக்கே கொடுத்துவிட்டார்.) 2024 ஆகஸ்ட் 15 அன்று கலாம் விருது. ஒரு வாரம் கழித்து ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் மாளிகையில் சந்திரயான்-3 குழுவுக்கு மத்திய அரசின் ராஷ்ட்ரிய விஞ்ஞான் புரஸ்கார் விருது. ஒரே சாதனை, ஓராண்டுக்குள் மூன்று மேடை. ராபர்ட் மெர்ட்டன் என்ற சமூகவியலாளர் 1968-லேயே இதற்கு மேத்யூ விளைவு என்று பெயர் வைத்துவிட்டார். பைபிளில் மத்தேயு நற்செய்தியில், உள்ளவனுக்கே மேலும் கொடுக்கப்படும் என்று வருகிறதல்லவா, அங்கிருந்து எடுத்த பெயர். அறிவியலில் ஏற்கெனவே புகழ் பெற்றவருக்கே அடுத்த புகழும் சேர்கிறது என்பதைக் காட்ட அவர் சொன்னது.

ஒரு மாநில அரசு தன் விருதை, நாடே தெரிந்து வைத்திருக்கும் ஒருவருக்குக் கொடுத்தால் விருதுக்குத்தான் பெருமை சேர்கிறது, வாங்குபவருக்குப் புதிதாக எதுவும் நடப்பதில்லை. இதில் ஒரு வசதியும் இருக்கிறது, யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். சந்திரயான்-3 செய்தவருக்கு ஏன் கொடுத்தீர்கள் என்று எந்த எதிர்க்கட்சியும் அறிக்கை விடாது.

லட்சுமணனுக்குப் போன ஆண்டு எனக்கு அதனால்தான் பிடித்திருந்தது. நேரியல் அல்லாத இயக்கவியல் என்ற துறையில் உலகம் அறிந்தவர், ஆனால் டீக்கடையில் யாருக்கும் தெரியாதவர். அவரும் முரளியும் லியோன் சுவாவும் சேர்ந்து 1990-களில் கொடுத்த மின்சுற்று ஒன்று அந்தத் துறையில் இன்றும் அவர்கள் மூவரின் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. விரல் விட்டு எண்ணக்கூடிய சில பாகங்கள்தான், அவற்றை வைத்தே கேயாஸ் என்கிற ஒழுங்கற்ற இயக்கத்தை ஒரு சாதாரண மேசை மேல் காட்டிவிடலாம். இஸ்ரோ மாதிரி பெரிய பட்ஜெட் எதுவும் இல்லாமல், மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் வேரூன்றிய ஆராய்ச்சி. மாநில விருது என்று ஒன்று இருந்தால் அது பார்க்க வேண்டிய இடம் இதுதான் என்று எனக்குப் படுகிறது.

இங்கேதான் விஷயத்தின் மையம் இருக்கிறது. விருதுகளைப் பற்றிப் பேசும்போது நாம் எப்போதும் பணம் எவ்வளவு, யார் கையால் கொடுத்தார்கள், யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்றே பேசுகிறோம். அதற்கெல்லாம் முன்னால் ஒரு படி இருக்கிறது: தேர்வுக் குழுவின் மேசைக்கு அந்தப் பெயர் எப்படி வந்து சேர்ந்தது? யாராவது பரிந்துரைத்தார்களா, அவரே விண்ணப்பித்தாரா, யாராவது தேடிப் போய்க் கண்டுபிடித்தார்களா? அது தெரிந்தால் அந்த விருது யாருக்குப் போகும் என்று முக்கால்வாசி சொல்லிவிடலாம்.

பரிந்துரையில் வரும் பெயர், பரிந்துரைப்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த பெயர். கலாம் விருது கிட்டத்தட்ட இந்த வகை. விண்ணப்பத்தில் வரும் பெயர், விண்ணப்பம் போடத் தெரிந்தவரின் பெயர். தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம் 1984 முதல் இயங்குகிறது. அவர்கள் வழங்கும் தமிழ்நாடு விஞ்ஞானி விருது இந்த இரண்டாம் வகை. வேளாண்மை, உயிரியல், வேதியியல், பொறியியல், மருத்துவம் என்று துறைவாரியாகப் பிரித்துக் கொடுப்பார்கள். ஆராய்ச்சிக் கட்டுரைப் பட்டியல், வழிகாட்டிய முனைவர் பட்ட மாணவர்கள், பெற்ற காப்புரிமைகள் என்று கோப்பு தயார் செய்து நிறுவனம் வழியாக அனுப்ப வேண்டும். நியாயமான முறைதான், பல்கலைக்கழகத்துக்குள் இருப்பவர்களுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. வெளியில் இருப்பவருக்கு அந்தக் கதவு இருப்பதே தெரியாது.

அப்புறம் அந்த மூன்று வழியிலும் சேராத ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி அறிவியல் விருது என்று யாரும் பேசுவதே இல்லை. திருந்திய நெல் சாகுபடி முறையைப் பின்பற்றி மாநிலத்திலேயே அதிக விளைச்சல் எடுக்கும் விவசாயிக்குக் குடியரசு நாளன்று முதலமைச்சர் கொடுக்கும் 5 லட்சம் ரூபாய் விருது. இப்போது அதற்கு சி. நாராயணசாமி நாயுடு பெயரை வைத்திருக்கிறார்கள். கோவை வையம்பாளையத்துக்காரர், மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970-களில் விவசாயிகளைத் திரட்டி அரசையே உலுக்கியவர். அரசோடு மோதியவர் பெயரில் அரசே விருது கொடுக்கிறது, நம் ஊரில் இது அடிக்கடி நடக்கும்.

இந்த விருதில் பரிந்துரை கிடையாது, கட்டுரைப் பட்டியல் கிடையாது. பெயர் பதிந்துகொண்ட விவசாயியின் வயலில் ஒரு பகுதியை அளந்து, அதிகாரிகள் முன்னிலையில் அறுத்து, தூற்றி, எடை போடுவார்கள். யாருடைய எடை அதிகமோ அவருக்கு விருது. இதைவிட நேர்மையான தேர்வுக் குழு இருக்க முடியாது, தராசுக்கு யாரையும் தெரியாது.

திருந்திய நெல் சாகுபடி என்ற அந்தத் தொழில்நுட்பத்தின் கதையும் சுவையானது. 1980-களின் தொடக்கத்தில் மடகாஸ்கரில் விவசாயிகளோடு வேலை செய்த ஆன்ரி தெ லொலானியே என்ற பிரெஞ்சு பாதிரியார் கண்டெடுத்த முறை அது. நாலைந்து நாற்றைச் சேர்த்து நெருக்கமாக நடுவதுதான் எல்லா இடத்திலும் வழக்கம். அவர் இளநாற்றை, பத்துப் பதினைந்து நாளுக்குள் இருப்பதை, ஒற்றை ஒற்றையாக, சதுரக் கட்டங்களில் ஒரு சாண் அளவுக்கு இடைவெளி விட்டு நட்டுப் பார்த்தார். தண்ணீரை எப்போதும் தேக்கி வைக்காமல், மண் லேசாக வெடிக்கும் வரை விட்டு மறுபடி பாய்ச்சினார். தூர் கட்டுவது அதிகமானது. உலகத்தின் பெரிய நெல் ஆராய்ச்சியாளர்கள் பலர் இதை ஆரம்பத்தில் நம்பவே இல்லை, இன்றும் சிலர் இதன் விளைச்சல் கணக்குகள் மிகைப்படுத்தப்பட்டவை என்றுதான் சொல்கிறார்கள். 2000-க்குப் பிறகு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதைச் சோதித்து, கோனோ களைக்கருவியோடு சேர்த்து நம் வயலுக்கு ஏற்றபடி மாற்றிக் கொண்டுவந்தது. நடவு ஆட்கள் முதலில் முணுமுணுத்தார்கள், கயிறு பிடித்து ஒற்றை நாற்று நடுவது இரட்டிப்பு நேரம் எடுக்கும், கூலி அதே கூலி. இந்த எதிர்ப்பைக் கரைக்கத்தான் அந்த 5 லட்சம். அதாவது ஒரு தொழில்நுட்பம் பரவ வேண்டும் என்பதற்காகவே வைத்த விருது. நோக்கம் தெளிவாக இருப்பதால் தேர்வு முறையும் தெளிவாக இருக்கிறது.

ஆனால் தராசுக்கும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. எடையை மட்டும் அளந்தால் எடை மட்டும்தான் தெரியும். எவ்வளவு தண்ணீர் போனது, எவ்வளவு யூரியா போட்டார், கடைசியில் கையில் எவ்வளவு நின்றது என்பதெல்லாம் அதில் வராது. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நூற்றெழுபதுக்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் வகைகளை மீட்டெடுத்தார். நெல் திருவிழா நடத்தி, வருபவர்களுக்கு இரண்டு கிலோ விதை கொடுத்து, அடுத்த ஆண்டு நாலு கிலோவாகத் திருப்பித் தரச் சொல்வார். ஒரு விதை வங்கியை இதைவிட மலிவாக யாரும் நடத்த முடியாது. அவருடைய காட்டுயானமும் மாப்பிள்ளைச் சம்பாவும் விளைச்சல் போட்டியில் நின்றால் முதல் சுற்றிலேயே தோற்றுப் போகும். அப்படிப்பட்டவர்களுக்கு வேறு அளவுகோல் வேண்டும். பயிர் ரகங்கள் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டம் 2001-இல் வந்த பிறகு, மரபு ரகங்களைக் காப்பவர்களுக்கென்றே மத்திய அரசு தனியாக விருது வைத்தது இதனால்தான்.

சரி, இனி தேடிப் போகும் வகைக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், கொஞ்சம் நீட்டிப் பேசுகிறேன்.

அகமதாபாத் ஐ.ஐ.எம். பேராசிரியர் அனில் குப்தா 1980-களின் கடைசியில் ஹனி பீ நெட்வொர்க் என்ற ஒன்றைத் தொடங்கினார். கிராமத்து மக்களிடம் தகவல் வாங்கி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதிப் பேர் வாங்கிக்கொள்கிறோமே, அந்த மக்களுக்கு நாம் திருப்பிக் கொடுத்தது என்ன என்ற உறுத்தல்தான் ஆரம்பம். ஆகவே இரண்டு விதி வைத்தார்கள். யாரிடமிருந்து ஒரு உத்தியைக் கேட்டு எழுதினாலும் அவர் பெயரும் ஊரும் அதில் இருக்க வேண்டும். அது அவருடைய மொழியிலேயே அவருக்குத் திரும்பிப் போக வேண்டும். தமிழில் அந்த வேலையை மதுரையிலிருந்து சேவா என்ற தொண்டு நிறுவனம் ‘நம்வழி வேளாண்மை’ என்ற இதழாகச் செய்தது. மாட்டுக்கு வரும் கோமாரிக்கு யாரோ ஒரு தாத்தா கொடுக்கும் மருந்து, பூச்சி விரட்ட யாரோ ஒரு அம்மா கரைக்கும் கரைசல் என்று பெயர், ஊர் சகிதம் வரும். இதே சேவா பிற்பாடு, நாட்டு மாட்டினங்களையும் ஆட்டினங்களையும் அழியாமல் வைத்திருக்கும் கீதாரிகளுக்கும் மாடு மேய்ப்பவர்களுக்கும் இனக்காப்பாளர் விருது கொடுக்கத் தொடங்கியது. புலிக்குளம் மாட்டைக் கிடை போட்டு ஊர் ஊராக ஓட்டிப் போகும் ஒருவர் மரபணு வளத்தைக் காக்கிறார் என்று அவரிடமே போய்ச் சொல்லி விருது கொடுப்பது சின்ன விஷயமில்லை, வனத்துறையும் பட்டாக்காரர்களும் விரட்டியே பழகியவர்கள் அவர்கள்.

1998 முதல் அனில் குப்தா ஷோத் யாத்திரை என்று ஒரு தேடல் நடைப்பயணம் நடத்தினார். கோடையில் வெயில் கொளுத்தும் பகுதியிலும் குளிர்காலத்தில் குளிர் நடுக்கும் பகுதியிலும்தான் நடப்பார்கள், கஷ்டமான காலத்தில்தான் மக்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று தெரியும் என்பது அவர் கணக்கு. போகிற கிராமத்தில் உட்கார்ந்து, இங்கே யாராவது வித்தியாசமாக எதையாவது செய்து வைத்திருக்கிறார்களா என்று கேட்பார்கள். வழக்கமாக ஊரே சிரித்துக்கொண்டு ஒரு ஆளைக் கைகாட்டும், கிறுக்கன் என்று பட்டம் வாங்கியவராக இருப்பார்.

இந்தத் தேடல்தான் 2000-இல் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஆதரவோடு தேசியப் புத்தாக்க அறக்கட்டளையாக மாறியது. குஜராத்தின் காந்திநகரில் தலைமையகம். முறையான தொழில்நுட்பப் படிப்பு இல்லாமல், வெளி உதவி இல்லாமல், தானே யோசித்துச் செய்த விவசாயி, மெக்கானிக், கைவினைஞர் ஆகியோருக்கான விருது. பெரிய பட்டம் வாங்கியிருந்தால் இதில் சேர முடியாது. படித்தவரை வெளியே நிறுத்தும் ஒரு அறிவியல் விருது உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது?

அப்படிக் கிடைத்தவர்களைப் பாருங்கள். குஜராத் அம்ரேலி மாவட்டத்தில் மன்சுக்பாய் ஜகானி, பஞ்ச காலத்தில் மாடு வைத்து உழ முடியாதவர்களுக்காக என்ஃபீல்டு புல்லட்டின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு அங்கே கலப்பையைப் பூட்டினார். அமெரிக்கக் காப்புரிமை வரை போனது. வாங்கானேரில் மன்சுக்பாய் பிரஜாபதி குயவர் வீட்டுப் பிள்ளை, டீ விற்று, ஓட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, பிறகு மண் தோசைக்கல் மாதிரி தவா செய்து விற்றவர். 2001 பூஜ் நிலநடுக்கத்தில் உடைந்து கிடந்த ஒரு மண்பானையின் படத்தை ஏழையின் ஃபிரிட்ஜ் உடைந்துவிட்டது என்று ஒரு பத்திரிகை போட, இவர் நிஜமாகவே மண்ணில் ஃபிரிட்ஜ் செய்யலாமா என்று இறங்கிவிட்டார். மேல் அறையில் ஊற்றும் தண்ணீர் மண் சுவர் வழியே கசிந்து ஆவியாகும்போது உள்ளே குளிரும், காய்கறி சில நாட்கள் வாடாமல் இருக்கும், கரண்ட் வேண்டாம். மண்ணின் கலவை சரியாக வரச் சில ஆண்டுகள் பிடித்தது. கேரளத்தில் கண்ணூர் செம்பேரியைச் சேர்ந்த அப்பச்சன் தென்னை ஏற ஒரு கருவி செய்தார், இன்று தோப்புகளில் பார்க்கும் கருவிகளில் பல அதன் வழி வந்தவைதான்.

நம் ஊர் ஆளையும் சொல்ல வேண்டும். கோவை பாப்பநாயக்கன்புதூர் முருகானந்தம் குறைந்த விலை சானிட்டரி நாப்கின் எந்திரம் செய்த கதை எல்லோருக்கும் தெரியும், வீட்டில் பட்ட பாடும் தெரியும், அதனால் அதை விடுகிறேன். விருது அவரிடம் வந்த வழியைப் பற்றி மட்டும். 2006-இல் அவர் தன் எந்திரத்தைச் சென்னை ஐ.ஐ.டி.யில் காட்டினார். அங்கிருந்தவர்கள் அதை இந்த அறக்கட்டளையின் போட்டிக்கு அனுப்பி வைத்தார்கள். 943 நுழைவுகளில் முதலிடம். 2009-இல் குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டீல் கையால் விருது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட, வெல்டிங் பட்டறை வைத்திருந்த ஒருவருக்கு, விண்ணப்பம் எங்கே போட வேண்டும் என்று தெரிந்த யாரோ நடுவில் இருந்தார்கள். அந்த நடுவாள் இல்லாவிட்டால் எந்திரம் அதே எந்திரமாகத்தான் இருந்திருக்கும், ஆனால் கோவையைத் தாண்டி யாருக்கும் தெரிந்திருக்காது. பத்மஸ்ரீ அவருக்கு வந்தது 2016-இல்தான், அதாவது மேலே சொன்ன மேத்யூ விளைவு அவருக்கும் தொடங்கிவிட்ட பிறகு.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இதே அறக்கட்டளை பள்ளி மாணவர்களுக்காக நடத்திவந்த இக்னைட் விருதும் கலாம் பெயரில்தான் இருந்தது. மாணவர் எதையும் செய்து காட்ட வேண்டாம், யோசனை ஒன்றை எழுதி அனுப்பினால் போதும், நல்ல யோசனை என்றால் மாதிரியை அவர்களே செய்து தருவார்கள். ஒரே மனிதரின் பெயரில் கோட்டையில் ஒரு விருது, எல்லாம் சாதித்து முடித்தவருக்கு. காந்திநகரில் ஒரு விருது, இன்னும் எதையும் செய்யாத பிள்ளைக்கு. கலாமுக்கு எது பிடித்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆனாலும் தேடிக் கண்டுபிடித்துக் கைதட்டி அனுப்பிவிட்டால் பட்டறைக்காரர் மறுநாள் மறுபடி பட்டறைக்குத்தான் போவார். இதை அறக்கட்டளைக்காரர்கள் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். காப்புரிமை விண்ணப்பத்தை அவர் பெயரிலேயே தாக்கல் செய்வது, பொறியியல் கல்லூரிகளில் சோதித்துத் தருவது, சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பியின் உதவியோடு 2003-இல் அடமானம் கேட்காத ஒரு சின்ன முதலீட்டு நிதி என்று விருதுக்குப் பின்னால் வேலைகளை அடுக்கினார்கள். எல்லாம் ஜெயித்ததா என்றால் இல்லை, ஆயிரக்கணக்கில் பதிவாகி வெறும் பதிவாகவே கிடப்பவை ஏராளம். ஒரு கருவியைக் கண்டுபிடிப்பதும் அதை ஆயிரம் எண்ணிக்கையில் செய்து விற்பதும் வேறு வேறு திறமை, இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதே கொஞ்சம் அநியாயம்தான்.

விருதுக்குப் பின்னால் செய்வதை விருதுக்கு முன்னாலேயே செய்தால்? ஆப்பிரிக்காவில் அப்படி ஒன்று இருக்கிறது. பிரிட்டனின் ராயல் அகாடமி ஆஃப் எஞ்சினியரிங் 2014-இல் தொடங்கிய ஆப்பிரிக்கப் பொறியியல் புத்தாக்கப் பரிசு. சகாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளின் பொறியாளர்களுக்கு. பரிசுத் தொகை முதலில் 25,000 பவுண்டு, பத்தாம் ஆண்டான 2024-இல் அதை 50,000 ஆக்கினார்கள். தொகை பெரிய விஷயமில்லை. முதல் பட்டியலில் வருபவர்களுக்குப் பல மாதங்கள் பயிற்சி கொடுக்கிறார்கள்: விலை எப்படி வைப்பது, காப்புரிமை எங்கே எடுப்பது, முதலீட்டாளரிடம் எப்படிப் பேசுவது. அதற்குப் பிறகுதான் இறுதிப் போட்டி. தோற்பவரும் ஒரு தொழில் படிப்பை முடித்துவிட்டுத்தான் போகிறார்.

முதல் பரிசு 2015-இல் தான்சானியாவின் அஸ்க்வார் ஹிலோங்காவுக்கு, மணலையும் நானோ பொருளையும் சேர்த்த நீர் வடிகட்டி. ஒவ்வொரு ஊர்த் தண்ணீரில் என்ன கேடு இருக்கிறதோ அதற்கேற்ப நானோ பொருளை மாற்றிக்கொள்ளலாம், அவர் இருக்கும் அரூஷா பகுதியில் ஃபுளோரைடுதான் பெரிய தொல்லை. தருமபுரிக்காரர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே புரியும். 2016-இல் கேமரூனின் ஆர்தர் சாங், இதய மருத்துவர்கள் சொற்பமாக இருக்கும் நாட்டில் கிராமத்திலேயே இ.சி.ஜி. எடுத்து நகரத்து மருத்துவருக்கு அனுப்பும் டேப்லெட். 2018-இல் உகாண்டாவின் பிரையன் கிட்டா, ரத்தம் எடுக்காமல் விரலில் மாட்டி மலேரியாவைக் கண்டறியும் கருவி. 2019-இல் தென்னாப்பிரிக்காவின் நியோ ஹுடிரி. இவர் கதைதான் எனக்கு எப்போதும் நினைவுக்கு வரும். அவருக்கே காசநோய் வந்து, மாதாமாதம் மாத்திரை வாங்க அரசு கிளினிக்கில் மணிக்கணக்கில் வரிசையில் நின்றிருக்கிறார். மருந்து தயாராக உள்ளேதான் இருக்கிறது, எடுத்துக் கொடுக்கத்தான் ஆளில்லை. ஒரு லாக்கர் பெட்டி செய்தார். மருந்தை உள்ளே வைத்ததும் நோயாளிக்கு எஸ்.எம்.எஸ்.ஸில் ஒரு எண் போகும், அவர் வந்து எண்ணை அழுத்தினால் அவருடைய கதவு மட்டும் திறக்கும், ஒரு நிமிடம்கூட ஆகாது. நம் அரசு மருத்துவமனையில் சர்க்கரை மாத்திரை வாங்க நிற்பவர்களை நினைத்துக்கொண்டேன்.

இந்தப் பரிசிலும் எனக்கு ஒரு நெருடல் உண்டு. ஆப்பிரிக்காவுக்கான பரிசை நிறுவியதும் நடத்துவதும் லண்டனில் இருக்கும் அமைப்பு. முதலீட்டாளரிடம் ஆங்கிலத்தில் நன்றாகப் பேசுபவருக்கு இயல்பாகவே சாதகம் இருக்கும். பட்டறையில் கிடக்கும் அப்பச்சனுக்கு அங்கே இடமில்லை, பொறியியல் படித்தவர்களுக்கான பந்தயம் அது.

இன்னொரு பக்கம் மத்திய அரசு 2022-இல் தன் அமைச்சகங்கள் வழங்கிவந்த அறிவியல் விருதுகளை எடுத்துப் பார்த்து, சுமார் 300 விருதுகளில் பெரும்பாலானவற்றை நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தது. அடுத்த ஆண்டு அவற்றுக்குப் பதில் ராஷ்ட்ரிய விஞ்ஞான் புரஸ்கார் என்று ஒரே குடை, அதற்குள் நான்கு பிரிவு. குட்டி விருதுகள் பல வெறும் சம்பிரதாயமாகிவிட்டிருந்தன என்பது உண்மைதான். ஆனால் பெயர் தெரியாத ஊர்க் கல்லூரியில் தனியாக உட்கார்ந்து வேலை செய்யும் ஒரு இளைஞருக்கு முதல் தட்டிக்கொடுத்தல் அந்தக் குட்டி விருதுகளில் ஒன்றிலிருந்துதான் வரும். உச்சியில் நாலு விருதை மட்டும் வைத்தால் போட்டி முழுக்கப் பெரிய நிறுவனங்களுக்குள்ளேயே முடிந்துவிடும். ஆகவே அந்த வெற்றிடம் மாநிலங்கள் பக்கம்தான் வருகிறது.

அதை நிரப்ப வேறு சிலரும் காத்திருக்கிறார்கள். ‘உங்கள் பெயர் சிறந்த விஞ்ஞானி விருதுக்குத் தேர்வாகியுள்ளது, பதிவுக் கட்டணம் மட்டும் செலுத்துங்கள்’ என்று மெயில் வராத பேராசிரியர் இன்று குறைவு. ஓட்டல் ஹால், பொன்னாடை, ஷீல்டு, ஃபேஸ்புக்கில் படம். கல்லூரி தரமதிப்பீட்டில் ஆசிரியர் பெற்ற விருதுகள் என்று ஒரு கட்டம் இருக்கிற வரை இந்த வியாபாரம் நடக்கும். விருது கொடுப்பவர் வாங்குபவரிடம் பணம் கேட்டால் அது விருது இல்லை, பில்.

மாநில விருதை உருப்படியாக்க என்ன செய்யலாம் என்று கேட்டால் எனக்குத் தோன்றுவது பணத்தைக் கூட்டுவது இல்லை. தமிழ்நாட்டில் ஏற்கெனவே ஸ்டார்ட்அப் டி.என். என்ற அரசு அமைப்பு இருக்கிறது, டான்சீட் திட்டத்தில் தொடக்க நிறுவனங்களுக்கு 10 லட்சம் வரை தருகிறார்கள், பெண்களும் ஊரகத்தவரும் நடத்துபவற்றுக்கு 15 லட்சம். பட்டறையில் ஒரு கருவி செய்து வைத்திருப்பவருக்குத் தேவை அந்தப் பணமும் அதற்குப் பின் ஒரு கொள்முதல் ஆணையும். அரசு மருத்துவமனைக்கு ஐம்பது லாக்கர், வேளாண் பொறியியல் துறைக்கு நூறு களைக்கருவி என்று ஒரு ஆர்டர் வந்தால் போதும், அவர் மற்றதைப் பார்த்துக்கொள்வார். இன்று விருது கொடுக்கும் துறை ஒன்று, நிதி கொடுக்கும் துறை இன்னொன்று, பொருள் வாங்கும் துறை மூன்றாவது, ஒருவருக்கு ஒருவர் கடிதம் எழுதிக்கொள்வதாகத் தெரியவில்லை.

கடைசியாக ஒரு தகவல், உபயோகப்படும். தேசியப் புத்தாக்க அறக்கட்டளைக்கு வேறொருவர் சார்பில் நீங்களும் எழுதி அனுப்பலாம். கருவியின் படம், எப்படி வேலை செய்கிறது என்ற விளக்கம், செய்தவரின் பெயரும் முகவரியும், அவருடைய சம்மதம். கண்டுபிடித்துக் கொடுத்தவர்களையும் அங்கே தனியாகக் கௌரவிப்பார்கள். உங்கள் ஊர் வெல்டிங் பட்டறையிலோ மோட்டார் காயில் கட்டும் கடையிலோ விசாரித்தால் நாலு பேர் சிரித்துக்கொண்டே ஒருவரைக் காட்டுவார்கள். அவரிடம் அனுப்பலாமா என்று மட்டும் முதலில் கேட்டுவிடுங்கள். காப்புரிமை எடுக்கிற எண்ணம் இருந்தால் அது தாக்கலாகும் வரை கருவியை வீடியோ எடுத்து யூடியூபில் போட்டுவிடாதீர்கள். வெளியில் ஏற்கெனவே தெரிந்துவிட்டது என்று சொல்லியே விண்ணப்பத்தைத் தள்ளிவிட முடியும்.